ஆலோசனைக்கு யார் கூலி கொடுப்பது?

ஓய்வு பெறுகிறவருக்குப் பணம் வரும் நாள் எப்படியோ ஊருக்கே தெரிந்துவிடுகிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்ந்து செட்டில்மென்ட் கணக்கில் ஏறிய வாரமே ஆட்கள் வரத் தொடங்குவார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் ஆலையில் வேலை பார்த்த என் அத்தான் 58 வயதில் ஓய்வு பெற்றபோது இதைக் கூட இருந்து பார்த்தேன். வங்கி அதிகாரி வீட்டுக்கே வந்து, ஆண்டுக்கு ஐந்து லட்சம் வீதம் பத்து வருடம் கட்டும் பாலிசி ஒன்றை விளக்கினார். சம்பளம் நின்றுபோன மனிதரிடம் பத்து வருடப் பிரீமியம் கேட்கிறோமே என்ற தயக்கம் அவர் முகத்தில் துளியும் இல்லை. மறுநாள் பக்கத்துத் தெருக்காரர் வந்தார். “மாசம் ரெண்டு வட்டி அண்ணாச்சி, நான் பொறுப்பு” என்றார். சென்னையில் இருக்கும் மகன் தாம்பரம் பக்கம் ஃபிளாட் பார்த்து வைத்திருந்தான். அவனுக்குப் பதினைந்து லட்சம் குறைந்தது.

மொத்தப் பணம் 60 லட்சம். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் பென்ஷன் என்று அவருக்கு வருவது மாதம் மூவாயிரத்து ஐந்நூறு. தனியார் ஊழியர்களுக்கான 1995ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டம் முழுச் சம்பளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 2014இல் உயர்த்திய பிறகும் அதன் உச்சவரம்பு 15,000 ரூபாய்தான். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று அதே ஆண்டில் வைத்தார்கள். அரசு ஊழியர் வீட்டில் பென்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொகை நம்பவே முடியாததாக இருக்கும். ஆக, அந்த 60 லட்சம்தான் அத்தானுக்கும் அக்காவுக்கும் இனி மாதச் சம்பளம். அதில் கை வைக்குமுன் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன்.

மதுரையில் ஒரு நிதி ஆலோசகர். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்றவர், கமிஷன் வாங்காதவர். கட்டணம் பதினைந்தாயிரம் என்றதும் அத்தானுக்குக் கோபமே வந்துவிட்டது. “பேசுறதுக்குப் பதினஞ்சாயிரமா? பேங்க்காரர் வீடு தேடி வந்து சும்மா சொல்லுதாரே!” என்றார். நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறோம். டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஃபீஸ் கொடுக்க நமக்கு மனம் வரும். பண விஷயத்தில் யோசனை சொல்கிறவருக்குக் கொடுக்க வராது. சும்மா சொல்கிறவருக்கும் யாரோ கூலி கொடுக்கத்தான் செய்கிறார்கள். சேமிப்புப் பாலிசிகளில் முதலாண்டுப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை ஏஜென்ட் கமிஷனாகப் போக விதியே இடம் கொடுத்த காலம் உண்டு. மியூச்சுவல் ஃபண்டில் ஒரே ஃபண்டுக்கே ‘ரெகுலர்’, ‘டைரக்ட்’ என்று 2013 முதல் இரண்டு வழி இருக்கிறது. ரெகுலர் வழியில் போனால், பணம் அங்கே கிடக்கும் காலமெல்லாம் ஆண்டுதோறும் அதில் ஒரு பகுதி, விற்றுக்கொடுத்தவருக்குப் போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலான பங்குச்சந்தை ஃபண்டுகளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை வரும். இருபது லட்சத்துக்கு அது வருடம் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்கு யாரும் நம்மிடம் ரசீது நீட்டுவதில்லை, அதனால் நமக்கு வலிப்பதும் இல்லை.

கடைசியில் அத்தான் அரைமனதாகக் கிளம்பினார். அக்காவையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார் அந்த ஆலோசகர் அம்மையார். நாற்பது வயதிருக்கும். எந்த ஃபண்டு, எத்தனை சதவீதம் என்று எதையுமே முதல் ஒரு மணி நேரம் அவர் பேசவில்லை. வீட்டுச் செலவை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். அத்தான் பால், மளிகை, கரன்ட் பில், பெட்ரோல் என்று சொல்லி, பதினெட்டாயிரத்தில் முடித்துவிட்டார். “மொய் எவ்வளவு சார் ஆகும்?” என்று கேட்டார் அவர். அத்தான் அக்காவைப் பார்த்தார். ஆவணியிலும் தையிலும் வரும் கல்யாணங்கள், கோயில் கொடைக்கு வரி, அக்காவின் சர்க்கரை மாத்திரை, வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்று அக்கா சொல்லச் சொல்ல, கணக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு ஏறியது.

அடுத்த கேள்வி அக்காவிடம். “அம்மா, சாருக்கு எந்தெந்த பேங்க்ல கணக்கு இருக்கு, உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அவுக பாத்துக்கிடுவாக.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு டெபாசிட்டில் நாமினியாக, காலமாகிப் பல வருடமான அத்தானின் அம்மா பெயரே இருந்தது அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

பிறகு இன்ஷூரன்ஸ். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துபோகும் என்பதை அத்தான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் புதிய பாலிசியில் மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம் என்று விதி இருக்கிறது. “மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா, இன்னைக்கு இந்தக் கவலை இல்ல சார்” என்றார் ஆலோசகர். அந்த இடைக்காலத்துக்கென்றே ஐந்து லட்சத்தை உடனே எடுக்கக்கூடிய டெபாசிட்டில் தனியாக வைக்கச் சொன்னார்.

மீதித் திட்டத்தில் வித்தை எதுவும் இல்லை. முப்பது லட்சம் தபால் அலுவலகத்தில், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். அறுபது வயதானவர்களுக்கான திட்டம் அது. ஆனால் 55 தாண்டி ஓய்வு பெற்றவர்கள் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். முன்பு பதினைந்து லட்சமாக இருந்த உச்சவரம்பை 2023இல் முப்பதாக உயர்த்தினார்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். சேர்ந்த நாளில் இருந்த வட்டி ஐந்து வருடமும் மாறாது. பென்ஷனோடு சேர்த்தால் மாதம் 24,000. இப்போதைய செலவுக்கு ஏறக்குறையப் போதும்.

பன்னிரண்டு வருடம் கழித்து? விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால், இன்றைய இருபத்தைந்தாயிரம் அன்று ஐம்பதாயிரம். அக்காவுக்கு இப்போது 56. அதற்காகத்தான் மீதி 25 லட்சத்தில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தை ஃபண்டில், ஒரேயடியாகப் போடாமல் இரண்டு வருடத்தில் சிறுகச் சிறுகப் போட வேண்டும் என்றார். ஏழெட்டு வருடம் தொடாமல் இருக்க முடிந்த பணம் மட்டுமே அங்கே போகலாம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மகனுக்குத் தேவைப்பட்ட பதினைந்து லட்சத்தின் பேச்சை அத்தான்தான் தயங்கித் தயங்கி எடுத்தார். ஆலோசகர் கணினியில் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். கொடுக்காவிட்டால் அக்காவுக்கு 83 வயது வரை பணம் வரும். கொடுத்தால் 75இல் தீர்ந்துவிடும். மகனிடம் முடியாது என்று சொல்ல அத்தானால் ஆகாது. அந்தக் கணக்கை அவனுக்கு அனுப்பினார். அவனே கூப்பிட்டு, “வேண்டாம்பா, நான் லோன் கூட்டிப் போட்டுக்கிடுதேன்” என்றான். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்று அதன் பிறகு அத்தான் கேட்கவில்லை.

பக்கத்துத் தெருக்காரரின் இரண்டு வட்டிக்கும் அன்றே முற்றுப்புள்ளி. ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகச் சாய்ந்த பிறகு, டெபாசிட்தாரர்களைக் காக்கத் தமிழ்நாடு 1997இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதன் பிறகும் 2022இல் ஆயிரக்கணக்கானோர் பெருவட்டி ஆசையில் ஏமாந்து, பொருளாதாரக் குற்றப் பிரிவு அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். அவர்களில் பலரைச் சேர்த்துவிட்டவர்கள் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாருமே.

முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று செபி விதிமுறைகள் வந்தது 2013இல்தான். நாடு முழுவதற்கும் பதிவு பெற்றவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஃபண்டு விற்பவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். ஆகவே தேடித்தான் போக வேண்டும். செபியின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பதிவு எண் ‘ஐ.என்.ஏ.’ என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த எண்ணைக் கேளுங்கள், என் கட்டணம் தவிர வேறு யாரிடமாவது பணம் வாங்குகிறீர்களா என்றும் கேளுங்கள். இத்தனை சதவீதம் நிச்சயம் என்று வாக்குக் கொடுத்தாலோ, முதலீட்டுக்கான செக்கைத் தன் பெயருக்குக் கேட்டாலோ, உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போதே போய்விடுங்கள். போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.