கழுத்து வலியும் காலை நடையும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கழுத்து வலியையும் முதுகு வலியையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். வெளியே புண் இல்லை, உடம்பிலே சூடு இல்லை. ஆகவே பார்ப்பவர்களுக்கு நோயாளி சுகமாகவே இருப்பதாகத் தோன்றும். ஆயினும் இது ஒருவர் இருவருடைய தொல்லை அன்று. 2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 லட்சம் மக்கள் கீழ் முதுகு வலியால் வருந்தினர் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு.

பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நம்மவர்களுக்கு இவ்வலி தரும் அச்சம் இன்னும் பெரிது. ஊரில் ஒருவர் படுத்தால் தாங்குவதற்குச் சித்தப்பா, பெரியப்பா என நாலு பேர் இருப்பார்கள். மும்பையில் இரண்டு அறை வீட்டில் சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும். சென்ற ஆண்டு நமக்குக் கழுத்து வலி கண்டபோது முதலில் எழுந்த கவலை இதுவே. டோம்பிவிலியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ரயில் நெரிசல். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் கணிப்பொறி. திரும்பும் வழியெல்லாம் கைப்பேசி. கழுத்தில் தொடங்கிய வலி நடுமுதுகு வரை இறங்கிற்று. மகளின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடனும் கண்முன் நின்றன.

"பத்து நாள் படுத்திருந்தால் தீருமா, டாக்டர்?" என்று கேட்டோம். "படுக்கை வேண்டாம். நடந்து கொண்டிருங்கள்" என்றார் அவர். நமக்கு வியப்பாக இருந்தது. ஆனால் வைத்திய உலகம் இதை நெடுநாட்களுக்கு முன்பே கண்டறிந்துவிட்டது. 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதுகு வலிக்காக இரண்டு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்கள், ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களைவிட விரைவில் வேலைக்குத் திரும்பினர். அதிகம் படுத்தவர்களுக்கு அதனால் வேறு நன்மையும் விளையவில்லை.

வலியின் காரணத்தையும் டாக்டர் எளிதாக விளக்கினார். நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்திருக்கையில் கழுத்தின் ஏழு எலும்புகளும் தசைகளும் அதைச் சுலபமாகத் தாங்குகின்றன. குனியக் குனியச் சுமை பெருகுகிறது. இடுப்பில் அணைத்த குடம் கனக்காது. அதையே கையை நீட்டிப் பிடித்தால் தோள் கெஞ்சும் அல்லவா? 60 பாகை குனிந்தால் கழுத்துக்கு ஏறக்குறைய 27 கிலோ சுமை என்று 2014-இல் ஒரு கணக்கு வெளியாயிற்று.

அவர் சொன்னவை செலவற்றவை. கணிப்பொறியின் கீழே தடித்த புத்தகங்களை அடுக்கி, திரையைக் கண்மட்டத்திற்கு உயர்த்தினோம். கைப்பேசியை முகத்திற்கு நேரே பிடித்தோம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, தோள்களைப் பின்னுக்குச் சுழற்றி, முகவாயை மெல்ல உள்ளிழுத்து ஐந்து எண்ணும் வரை நிறுத்தினோம். இரவில் வெந்நீர் ஒத்தடம். காலையில் அரைமணி நடை. தண்ணீர் வாளியைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, வாளியை உடம்போடு அணைத்துத் தூக்கப் பழகினோம். முதல் வாரம் பலன் தெரியவில்லை. ஆறாவது வாரத்தில் திரும்பிப் பார்ப்பதற்கு உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டிய நிலை மாறிற்று.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கைகால் மரத்துப் பலம் குன்றினாலும், சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலும், வலியோடு காய்ச்சலோ காரணமற்ற எடைக் குறைவோ கண்டாலும், விழுந்து அடிபட்ட பின் வலி தோன்றினாலும் நடையையும் ஒத்தடத்தையும் நம்பி நாளைக் கடத்தலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சுளுக்கு என்று எண்ணிக் கழுத்தை வெடுக்கென்று திருப்பச் சொல்வதும் ஆபத்து.

மற்றபடி, பெரும்பாலான வலிகள் அசைவுக்கு இணங்குபவை. நேரமில்லை என்று நம்மில் பலரும் சொல்கிறோம். வீட்டிற்கு அரிசி கொண்டு வருவது இந்த முதுகுதான். அதற்கு நாளொன்றுக்கு அரைமணி தருவது பெரிய காரியம் அன்று. அன்பர்கள் நாளைக் காலையே தொடங்குவார்களாக.