ஆடாத ஆட்டம்

கடந்த தவணையில் எமது பாடசாலையில் நடைபெற்ற விவாத அரங்கிற்கு நடுவராக இருக்கும் பொறுப்பு எம்மீது சுமத்தப்பட்டது. ‘விளையாட்டிலே அரசியலைக் கலத்தல் தகாது’ என்பது விவாதப் பொருள். தமிழாசிரியர்க்கு இப்பணி புதிதன்று. சொல்லாட்சிக்கும் குரல்வளத்திற்கும் புள்ளி வழங்கி, ஈற்றில் இரு தரப்பாரையும் பாராட்டி நாலு வார்த்தை பேசி, தேநீர் அருந்திவிட்டு வீடு திரும்புவது வழக்கம். இம்முறை நாம் அவ்வளவு எளிதிற் கரையேறவில்லை.

தலைப்பை ஆதரித்துப் பேசிய உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் டெனிஸ் ஆட்டத்தில் ஈடுபாடு மிக்கவன். அவன் எடுத்துக்காட்டியது 1974 ஆம் ஆண்டின் டேவிஸ் கிண்ண இறுதிப் போட்டியை. அவ்வாண்டு இந்தியா இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. எதிரணி தென்னாபிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டோடு ஆடமாட்டோம் என இந்தியா மறுத்தது. ஒரு பந்துதானும் அடிக்கப்படாமலே கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. “இதனால் யாருக்கு என்ன நன்மை?” என்று கேட்டான் மாணவன். “1936 இல் பேர்லின் நகரிலே, ஹிட்லரின் ஆட்சி தன் இனப் பெருமையைப் பறைசாற்றிய அதே மைதானத்தில், ஜெசி ஓவன்ஸ் என்ற கறுப்பு வீரர் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். அவர் ஓடமாட்டேன் என்று வீட்டில் இருந்திருந்தால் வரலாறு எதைப் பேசியிருக்கும்? இந்திய வீரர்கள் சென்றிருக்க வேண்டும், ஆடியிருக்க வேண்டும், வென்றிருக்க வேண்டும்!” மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. வெற்றியை நாம் அந்த அணிக்கே வழங்கினோம்.

கூட்டம் கலைந்தபின் எதிரணியில் மூன்றாவதாகப் பேசிய மாணவி எம்மிடம் வந்தாள். அரங்கிலே திக்கித் திணறிப் பேசியவள். தலைகுனிந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “சேர், அங்க போய் விளையாடியிருந்தா, அந்த விளையாட்டை ஆர் இருந்து பாத்திருப்பினம்?”

அன்றிரவு எமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. பேச்சுத்திறனுக்கு நாம் வழங்கிய தீர்ப்பு சரியாக இருக்கலாம். பொருளுக்கு வழங்கிய தீர்ப்பு சரிதானா என்ற ஐயம் எம்மை வாட்டிற்று. ஆசிரியனின் தீர்ப்பு மண்டபத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது பிள்ளைகளின் மனதில் உண்மையாகப் பதிந்துவிடுகிறது. அந்த ஐயத்தைத் தீர்க்க முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

டேவிஸ் கிண்ணம் 1900 ஆம் ஆண்டில் தோன்றியது. ஹாவார்ட் பல்கலைக்கழக மாணவரான டுவைற் டேவிஸ் என்னும் செல்வர் வீட்டு இளைஞர் வெள்ளிக்கிண்ணம் ஒன்றைச் செய்வித்து, அமெரிக்க, பிரித்தானிய அணிகளைப் பொஸ்ரன் நகரில் மோதவிட்டார். அமெரிக்கா வென்றது. பின்னர் வேறு நாடுகளும் சேர்ந்தன. ஆயினும் 1973 வரை அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், அவுஸ்திரேலியா ஆகிய நான்கு நாட்டாரைத் தவிர எவரும் அக்கிண்ணத்தை வென்றதில்லை. (அவுஸ்திரேலியா தொடக்க காலத்தில் நியூசிலாந்தோடு சேர்ந்து ஆடியது.) புற்றரையும் வெண்ணிற உடையும் கனவான்களின் கழகமும் சூழ வளர்ந்த விளையாட்டிலே கிண்ணமும் அவர்தம் கைகளிலேயே சுழன்றதில் வியப்பொன்றுமில்லை.

இப்போட்டிக்குத் தனித்த இயல்பு ஒன்றுண்டு. விம்பிள்டனில் ஆடுபவர் தம் பெயரில் ஆடுகிறார். வெற்றியும் தோல்வியும் அவருடையவை. டேவிஸ் கிண்ணத்திலோ ஆடுபவர் நாட்டின் பெயரில் ஆடுகிறார். நடுவர் புள்ளிகளை அறிவிக்கும்போதும் நாட்டின் பெயரையே கூறுவார். 2018 வரை நிலவிய முறைப்படி ஒரு நாட்டின் அணி மற்ற நாட்டிற்கு விருந்தாகச் செல்லும். மூன்று நாள்களில் நான்கு ஒற்றையர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் நடைபெறும். விருந்தோம்பும் நாட்டின் கொடியும் நாட்டுப்பண்ணும் அங்கு முன்னிற்கும். ‘எதிரே நிற்பது ஒரு நாடு’ என்ற ஒப்புதலின் மேலேதான் இப்போட்டி முழுவதும் எழுப்பப்பட்டிருக்கிறது. எமது மாணவனும் நாமும் காணத் தவறியது இதனையே.

இந்தியா அந்த இறுதிப் போட்டியை எளிதில் எட்டிவிடவில்லை. 1966 இல் கல்கத்தாவிலே, பிரேசில் வீரர் தோமஸ் கொக்கிடம் தோல்வியின் விளிம்பிற்குச் சென்ற ராமநாதன் கிருஷ்ணன் மீண்டெழுந்து வென்றதனால், இந்தியா முதன்முறையாக இறுதிக்குச் சென்றது. மெல்பேணில் அவுஸ்திரேலியா 4-1 என வென்றது. எட்டாண்டுகளின் பின் 1974 இல் சென்னையைச் சேர்ந்த விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் முன்னின்ற அணி, அதே கல்கத்தாவில் அவுஸ்திரேலியாவை 3-2 என வென்றது. சமநிலையைக் குறுக்கி முடிக்கும் இன்றைய விதி அன்று இப்போட்டியில் இல்லாமையால் ஆட்டங்கள் நீண்டு கொண்டே சென்றன. அச்சந்திப்பில் ஆடப்பட்ட ‘கேம்’களின் தொகை 327; டேவிஸ் கிண்ண வரலாற்றில் அது ஒரு சாதனை. அடுத்துப் பூனாவிலே சோவியத் ஒன்றியமும் தோற்றது. எஞ்சியிருந்தது ஒரே ஒரு படி. அப்படியிலே கால்வைக்க வேண்டாமென்ற முடிவு எடுக்கப்பட்டது.

அம்முடிவு ஒரு நாளில் உதித்ததன்று. தென்னாபிரிக்காவோடு வணிக உறவை 1946 இலேயே முறித்த நாடு இந்தியா. அங்குள்ள இந்தியர்க்கு இழைக்கப்பட்ட அநீதியை அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றதும் அந்நாடே. விளையாட்டுலகமோ தடுமாறிக் கொண்டிருந்தது. 1970 இல் தென்னாபிரிக்காவை டேவிஸ் கிண்ணத்திலிருந்து விலக்கிவிட்டு, 1973 இல் மீண்டும் சேர்த்துக்கொண்டது. அதற்கிடையில் அந்நாட்டின் சட்டங்களில் என்ன மாற்றம் நிகழ்ந்துவிட்டது? யார் எங்கே குடியிருக்கலாம், எந்த வண்டியில் ஏறலாம், எந்தப் பாடசாலையிற் படிக்கலாம், எந்த இருக்கையில் அமரலாம் என்பவற்றையெல்லாம் தோலின் நிறமே தீர்மானித்தது. பெரும்பான்மை மக்களுக்கு வாக்குரிமை இல்லை. 1960 இல் ஷார்ப்வில்லில் காவற்படையினர் சுட்டுக்கொன்ற 69 பேரும் செய்த குற்றம், கறுப்பர்கள் சுமந்து திரியவேண்டிய அனுமதிப் புத்தகத்தை எதிர்த்துக் கூடியது மட்டுமே.

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். ஆர் இருந்து பார்த்திருப்பார்கள்? 1860 இல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல் புறப்பட்டது சென்னைத் துறைமுகத்திலிருந்தே. அக்கூலிகளின் பேரப்பிள்ளைகள் வாழும் நாட்டுக்குச் சென்னையிலிருந்து இரு இளைஞர்கள் விருந்தினராகச் சென்று ஆடியிருப்பார்கள். அவர்களுக்கு வரவேற்பும் விருந்தும் நடந்திருக்கும். அவர்களுடைய மொழி பேசியவர்களின் வழித்தோன்றல்களோ தம் சொந்த நாட்டிலே தகுதி குறைந்தோராய் வேலிக்கப்பால் நின்றிருப்பர். தேநீர்க் கடையிலும் கோயில் வாயிலிலும் தடுத்து நிறுத்தப்பட்டோரின் வரலாற்றை அறிந்த எம் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஜெசி ஓவன்ஸின் உவமை பிழைத்துப்போவதும் இங்கேதான். அவர் வென்றபின் ஹிட்லரின் ஆட்சி தளரவில்லை; மூன்றாண்டுகளில் உலகப் போர் மூண்டது. வீரம் கண்ணைக் கவரும். ஆனால் வீரத்தின் காட்சியைக் கொடுங்கோலனும் தன் நாட்டின் விருந்தோம்பலுக்குச் சான்றாகக் காட்டிக்கொள்வான். டேவிஸ் கிண்ணத்தில் இவ்விடர் இன்னும் பெரிது. சிறுபான்மை வெள்ளையரின் அணியைத் ‘தென்னாபிரிக்கா’ என்று ஏற்று வலைக்கு மறுபுறம் நின்று பந்தடித்தால், அந்நாடு யாருடையது என்ற வழக்கில் நாமே சாட்சி சொல்லியவர்களாவோம்.

ஆடாமல் இருங்கள் என்று உலகத்தை வேண்டியவர்களும் தொலைவிலிருந்த அறிவாளர்கள் அல்லர், ஒடுக்கப்பட்டவர்களே. டெனிஸ் புரூட்டஸ் எம்மைப் போல ஒரு பாடசாலை ஆசிரியர், கவிஞர். நிறபேதமற்ற ஒலிம்பிக் அமைப்பு ஒன்றை நிறுவியமைக்காக வேட்டையாடப்பட்டார். 1963 இல் ஜொகனஸ்பேர்க் தெருவிலே தப்பியோட முயன்றபோது முதுகிற் சுடப்பட்டார். பின் ரொபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலாவும் பிறரும் கல்லுடைத்த இடத்தில் தாமும் கல்லுடைத்தார். அவர் சிறையிலிருந்த 1964 இலே தென்னாபிரிக்கா டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டது. கவிதை எழுதும் ஆசிரியர் ஒருவர் ஓட்டப்பந்தயங்களைப் பற்றி ஏன் கவலைப்பட்டார் என்று எவரேனும் வினவினால், அந்த முதுகிற் பாய்ந்த குண்டே விடை கூறும்.

மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. ஆர்தர் ஆஷ், அமெரிக்க டேவிஸ் கிண்ண அணியில் இடம்பெற்ற முதற் கறுப்பு வீரர். சிறுவயதில் தம் ஊரான ரிச்மண்டின் வெள்ளையர் மைதானங்களில் ஆடும் உரிமை மறுக்கப்பட்டவர். தென்னாபிரிக்கா அவருக்கு நுழைவனுமதி மறுத்து, பின்னர் 1973 இல் வழங்கியது. பலர் கண்டித்தும் அவர் சென்றார், ஆடினார். அங்கே அவரைத் தொடர்ந்து திரிந்த சிறுவன் ஒருவன், தான் கண்ட முதலாவது சுதந்திரமான கறுப்பு மனிதர் அவரே என்று கூறினானாம். அவ்வொரு சொல்லுக்காகவே அப்பயணம் தகும் என்று எமக்கும் தோன்றுகிறது. ஆனால் அதே ஆஷ் பின்னாளில் பகிஷ்கார இயக்கத்தின் முன்னணியில் நின்றார். 1985 இல் வாஷிங்டனிலுள்ள தென்னாபிரிக்கத் தூதரகத்தின் முன் நடந்த ஆர்ப்பாட்டத்திற் கைதானார். சென்று பார்த்தவரே ஈற்றிற் செல்லவேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

1976 இன் கதை வேறு. படுகொலைகளின் மேல் ஆட்சி அமைத்த பினோசேயின் சிலியோடு அரையிறுதியில் ஆடச் சோவியத் ஒன்றியம் மறுத்தது. இறுதிப் போட்டிக்கு இத்தாலி செல்லலாமா என்று அந்நாட்டில் பெரும் பூசல் எழுந்தது. சிலியின் இடதுசாரிகளே, ஆடாமற் கிண்ணத்தைப் பினோசேக்குப் பரிசளிக்க வேண்டாமெனச் செய்தி அனுப்பியதாகப் பின்னர் பதிவாகியுள்ளது. இத்தாலி சந்தியாகோ சென்றது. இரட்டையர் ஆட்டத்தில் பனாட்டாவும் பெர்ட்டொலூச்சியும் செந்நிறச் சட்டை அணிந்து களமிறங்கினர். இத்தாலி கிண்ணத்தை வென்றது. ஆகவே ஆடுவதோ ஆடாதிருப்பதோ எக்காலத்துக்கும் பொதுவிதி ஆகாது. துன்புறும் மக்கள் எதனை வேண்டுகின்றனர் என்று செவிசாய்ப்பதே விதி.

எமது தீவும் இச்சோதனைக்கு உட்பட்டது. 1982 இல் இலங்கைக் கிரிக்கெட் வீரர் சிலர் பணம் பெற்றுத் தென்னாபிரிக்காவுக்கு இரகசியமாகச் சென்று ஆடினர்; திரும்பியபின் 25 ஆண்டுத் தடைக்குள்ளாயினர். தண்டனைக் காலம் முடியுமுன்னரே தடை நீக்கப்பட்டபோதிலும் பலருடைய ஆட்ட வாழ்வு அதற்குள் முடிந்துவிட்டது. அவர்கள்மீது கல்லெறிய எமக்கு மனமில்லை. விளையாட்டால் வயிறு நிரம்பாத காலத்தில் நீட்டப்பட்ட பெருந்தொகை எவரையும் தடுமாறச் செய்யும். ஆயினும் எட்டாண்டுகளுக்கு முன் இந்திய அணி கைவிட்டது எத்துணைப் பெரிது என்பதை அவர்தம் தடுமாற்றம் எமக்கு உணர்த்துகிறது. முடிவை எடுத்தவர்கள் அரசினரும் சங்கத்தினருமே; விலை கொடுத்தவர்கள் மட்டை ஏந்திய இளைஞர்கள். 1987 இல் இந்தியா மீண்டும் இறுதிக்குச் சென்று சுவீடனிடம் 5-0 எனத் தோற்றது. கிண்ணம் இன்றுவரை அதன் கைக்கு எட்டவில்லை. பட்டியலில் 1974 க்கு நேரே தென்னாபிரிக்காவின் பெயரே நிற்கிறது.

அப்பெயர் அங்கே நிற்பதும் நல்லதே. 1970களின் இறுதியில் மீண்டும் வெளியேற்றப்பட்ட தென்னாபிரிக்கா, மண்டேலா சிறைமீண்ட பின்னர், 1992 இலேதான் இப்போட்டிக்குத் திரும்பியது. ஓர் அணி ஆடாததனால் மட்டும் நிறவெறி வீழ்ந்ததென்று சொல்லும் பேதைமை எமக்கில்லை. சிறையிலும் சுரங்கத்திலும் தெருவிலும் அம்மக்களே அதை வீழ்த்தினர். தாம் தனித்துவிடப்படவில்லை என்று அவர்கள் அறிய உதவிய பல செய்திகளுள் 1974 இன் செய்தியும் ஒன்று.

மறுவாரம் உயர்தர வகுப்பில் இவற்றையெல்லாம் கூறி, எமது தீர்ப்பு பொருளளவிற் பிழையென ஒப்புக்கொண்டோம். வகுப்பு அமைதியாயிருந்தது. வென்ற மாணவன் எழுந்து, “அப்ப பரிசைத் திருப்பித் தரவோ சேர்?” என்றான். எல்லோரும் சிரித்தனர். பரிசு பேச்சுக்குரியது, அது உன்னிடமே இருக்கட்டும் என்றோம். அவன் அமரவில்லை, சற்று யோசித்துவிட்டு, அடுத்த தவணையில் இதே தலைப்பில் மறுதரப்பிற் பேசத் தன்னை அனுமதிக்க வேண்டுமென்று கேட்டான். பின்வரிசையில் இருந்த அந்த மாணவி முதன்முறையாகத் தலைநிமிர்ந்து, தானும் அவனோடு பேசுவதாகச் சொன்னாள்.