சத்தம் நிற்காது, பிடி தளரும்

காதிரைச்சலோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "மிஸ், இத எப்படியாவது நிப்பாட்டித் தாங்க." நிப்பாட்ட முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். இரவு முழுக்க விழித்துக் கிடந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது கஷ்டம். ஆனால் அதைச் சொல்லாமல் அறிதுயில் சிகிச்சையைத் தொடங்கினால், கண் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, சத்தம் போய்விட்டதா என்று காதைக் கூர்ந்து கேட்பதுதான். தேடத் தேட அது பெரிதாகும்.

பெரகலச் சந்தியில் கொழும்பு–மட்டக்களப்பு வீதியை விட்டுப் பண்டாரவளைப் பாதை மேலேறுகிறது. மேலே ஹப்புத்தளை, கீழே கொஸ்லாந்த, அந்தப் பக்கம் ஹல்துமுல்ல. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த மலைகளின் தோட்டத்து ஆட்கள். அவர்கள் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு விஷயம் உண்டு. ஆடிக் காற்று லயத்துத் தகரத்தைப் பிய்த்தெடுக்கிற இரவில் நன்றாகத் தூங்கிவிடுகிறார்கள். காற்று விழுந்து, எல்லா வீட்டிலும் டீவி அணைந்த பிறகுதான் காதுக்குள் வண்டு கத்தத் தொடங்குகிறது.

இதற்குப் பேயும் காரணமில்லை, மனக்கோளாறும் காரணமில்லை. 1953இல் ஹெல்லரும் பெர்க்மனும் நல்ல கேள்திறன் உள்ள 80 பேரை ஒலி புகாத அறைக்குள் உட்கார வைத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். முழு நிசப்தத்தில் எந்தக் காதும் சும்மா இருப்பதில்லை. உட்காதில் நத்தைவடிவ எலும்புக்குள் இருக்கும் நுண்ணிய மயிர்க்கலங்கள் பேரிரைச்சலால் செத்துப்போனால், அங்கிருந்து மூளைக்குப் போகும் செய்தி குறைகிறது. மூளை அந்தக் குறையை ஈடுகட்டத் தன் பக்கத்துக் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது. அப்படிக் கூட்டியதில் எழுவதே இந்த இரைச்சல் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். செத்த மயிர்க்கலம் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. எந்த அறிதுயிலும் அதை முளைக்க வைக்காது.

ஆகவே யாரையும் நான் நேரே நாற்காலியில் சாய்த்துவிடுவதில்லை. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். காதுக்குடும்பியை எடுத்ததும் குணமானவர்கள் இருக்கிறார்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், திடீரென்று கேட்காமல் போவது, கூடவே தலைச்சுற்று என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. குடிக்கிற மருந்துகளையும் கேட்பேன். அதிக அளவு அஸ்பிரின் காதை இரைய வைக்கும், கொயினாவும் அப்படியே. நம் மலைக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு: கொயினா எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான் 1861இல் ஹக்கலைத் தோட்டத்தையே தொடங்கினார்கள். கோப்பி நோயில் அழிந்தபோது, தேயிலை பரவும் முன், துரைமார் பலர் சிங்கோனாவை நட்டார்கள்.

தேயிலை ஸ்டோரில் ரோலர் அறையில் இளந்தாரி வயதிலிருந்து வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னிடம் வந்தார். இரண்டு காதிலும் இரைச்சல், கேள்திறனும் குறைந்திருந்தது. எரிச்சலில் பேரப்பிள்ளைகள் மேல் கையோங்கியதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். சத்தம் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். கொழுந்து வாட்டுகிற தட்டுக்குக் கீழே விசிறி ஓடுகிற சத்தம் என்றார். இராவேலையில் கண்ணயர்வதுண்டா என்று கேட்டேன். சாக்கை விரித்துக் கொஞ்சம் சரிவதுண்டாம்.

"அந்த இரைச்சல்ல எப்பிடிண்ணே தூங்குனீங்க?"

"மிசின் ஓடுறது தெரியவே தெரியாது மிஸ். சத்தம் மாறுனாதான் முழிப்பு வரும்."

எனக்கு வேண்டியது அந்தப் பதிலில் இருந்தது. அமெரிக்க மனநல வைத்தியர் மில்டன் எரிக்சன் மாணவராயிருந்த காலத்தில் கொதிகலன் செய்யும் ஆலையொன்றில் ஓர் இரவு தங்கினார். வந்தபோது சம்மட்டிச் சத்தத்தில் யார் பேசுவதும் அவருக்குக் கேட்கவில்லை. அங்கேயே படுத்துத் தூங்கி எழுந்தபோது பேச்சு கேட்டது. பிற்காலத்தில் காதிரைச்சலோடு வந்த ஒரு பெண்ணுக்கு அறிதுயிலில் அவர் சொன்னது இந்தக் கதையைத்தான். என் முன்னால் இருந்தவருக்குக் கதை தேவைப்படவில்லை. அந்த வித்தையை அவர் ஒரு வாழ்நாள் செய்து பார்த்தவர்.

கண்ணை மூடி, மூச்சு விடும்போதெல்லாம் தோளை இறங்க விடச் சொன்னேன். கொழுந்து மடுவத்திலிருந்து நடத்திக் கூட்டிப் போனேன். வாட்டுத் தட்டு, ஈரக் கொழுந்தின் வாசம், விசிறிச் சத்தம். அதைக் குறைக்கச் சொல்லவில்லை. "அது அதும்பாட்டுக்கு ஓடட்டும்ணே, ஓடுறது சரியாத்தான் ஓடுது, நீங்க சாக்கை விரிங்க." அவருடைய தாடை தளர்ந்து, மடியிலிருந்த விரல்கள் விரிந்ததைப் பார்த்தேன். காதிரைச்சல்காரர்களில் அநேகருக்குத் தாடை இறுகித்தான் இருக்கும். அது தளர்கிற இடத்தில் என் குரலையும் இறக்கிவிடுவேன். ரேடியோவின் சத்தத்தைத் திருகிக் குறைப்பதாகக் கற்பனை செய்யச் சொல்வது பலரும் கையாளும் முறை. நான் அதை அரிதாகவே தொடுவேன். திருகியவர் குறைந்ததா என்று உடனே கேட்டுப் பார்ப்பார், பழைய காவல் மறுபடி தொடங்கிவிடும்.

வீட்டில் தினமும் கேட்க, அதே வார்த்தைகளைப் போனில் பதிந்து கொடுத்தேன். படுக்கும்போது மெல்லியதாக ஏதாவது சத்தம் ஓடட்டும் என்றேன். காதுக்கருவிக்கும் அனுப்பினேன், கேள்திறன் குறைந்தவர்களில் பலருக்கு, வெளிச்சத்தம் சரியாக உள்ளே வந்தாலே இரைச்சல் பின்னுக்குப் போய்விடும். சில மாதம் கழித்து வந்தவர், "இருக்கு மிஸ், ஆனா நான் அது கூட இல்ல" என்றார்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. ஆய்வுகளும் ஒரே பக்கம் சாயவில்லை. இஸ்ரேலில் அத்தியாஸ் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், சுய அறிதுயில் பழகியவர்களின் தொல்லை நன்றாகக் குறைந்தது. 1996இல் வந்த ஒரு பிரித்தானிய ஆய்விலோ, இரைச்சலின் அளவைக் குறைப்பதில் சாதாரண ஆலோசனையை விட அறிதுயில் மேலாக நிற்கவில்லை. மொத்தத்தில் தேறியிருப்பதாக உணர்ந்தவர்கள் மட்டும் அறிதுயில் பக்கத்தில் கூடுதல். இன்று வலுவான சான்று இருப்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு. நான் இரண்டையும் கலந்தே செய்கிறேன். அறிதுயில் மட்டும் போதும் என்று காசு வாங்குகிறவரிடம் போகாதீர்கள்.

தோட்டத்தில் காதில் சத்தம் என்றால் முதலில் கோடாங்கியிடம் போவார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உடுக்கைக்கு முன்னால் உட்கார்ந்தவரின் பயத்தை அவர் கேட்கவாவது செய்கிறார். ஆனால் சூனியம் என்று சொல்லி அனுப்பினால் பயம் இரட்டிப்பாகும், பயம் கூடினால் காதும் கூடக் கத்தும். திருவல்லாவில் 1898இல் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக வாழ்ந்து, 1978இல் மறைந்த ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களிடம் அறிதுயிலைக் கையாண்டதைப் பழைய ஆட்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். அதனால் "கோவூர் செஞ்ச மாதிரி" என்றால் சிலருக்குச் சட்டென்று விளங்கிவிடும். காதில் இரைச்சலாக இல்லாமல் ஆட்கள் பேசுவதாகக் கேட்டால், அது என் வேலையில்லை. மனநல வைத்தியரிடம் நானே கூட்டிப் போவேன்.

அந்த ரோலர் அறைக்காரரின் மகனும் இப்போது ஸ்டோரில்தான் வேலை. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்லுக்கு மேல் காது தாங்காது என்பது பல நாடுகளில் வழக்கிலிருக்கும் அளவு. பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த அளவு தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். காது மூடியை அறை வாசலிலேயே மாட்டிக்கொண்டு உள்ளே போகச் சொன்னேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். மற்றவர்களுக்கும் வாங்கித் தரும்படி தோட்ட நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத் தலைவருக்கும் கடிதம் எழுதச் சொல்லி, தகப்பனின் கேள்திறன் அறிக்கையின் பிரதியைக் கையில் கொடுத்தேன்.