வேகத்தில் அடங்கும் ஆட்டம்

சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் உல்லாசக் கப்பலில் அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். இரவெல்லாம் அசைவே தெரியாமல் ஓடிய கப்பல், அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை நெருங்கியதும் ஆடத் தொடங்கியது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். இலங்கையின் தென்கரைக்கு அப்பால் அண்டார்டிகா வரை நிலமே கிடையாது. இந்தியப் பெருங்கடலின் நெடிய அலைகள் எதிலும் தடைபடாமல் நேராக வந்து சேர்கிற இடம் அது. அறையின் ஜன்னல் திரை சுவரைவிட்டு விலகி, சற்று நேரம் அப்படியே தொங்கி நின்று, மெல்லத் திரும்பிச் சுவரில் படிந்தது. அலமாரிக்குள் ஹாங்கர்கள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வழுக்கிப் போய் இடித்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி திரையைக் கவனித்தேன். ஒரு பக்கம் போய், மறு பக்கம் போய், புறப்பட்ட இடத்துக்கு வர ஏறக்குறைய 15 நொடி. லிஃப்ட் வாசலில் சுவரோரக் கைப்பிடியின் இடுக்கில் யாரோ ஊழியர் காகிதப் பைகளை வரிசையாகச் செருகி வைத்துவிட்டுப் போயிருந்தார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

"கரை தெரியுது, இனிமே நிக்கும்னு பார்த்தா இப்பத்தானேடா ஆடவே ஆரம்பிக்குது?" என்றாள் அம்மா.

எனக்கும் அதே கேள்விதான். நடுக்கடலில் ஆடாத கப்பல் கரைக்கு வந்து ஏன் ஆட வேண்டும்? பதில் சொன்னவர், பணி முடிந்து தேநீர் குடிக்க வந்திருந்த தூத்துக்குடிக்காரரான இளம் பொறியாளர். "ஃபின்னை உள்ள இழுத்தாச்சு சார். நீட்டிக்கிட்டே ஹார்பருக்குள்ள போனா ஜெட்டில இடிச்சிரும்லா? ஸ்பீடும் இறங்கிருச்சு. ஸ்பீடு இல்லைன்னா அது வெளிய இருந்தும் பிரயோஜனம் இல்ல."

அவர் ஃபின் என்றது, கப்பலின் இரு பக்கமும் நீர்மட்டத்துக்குக் கீழே, அடிவயிறு வளையும் இடத்திலிருந்து நீளும் சிறு இறக்கைகளை. ஸ்டெபிலைசர் என்று பயணிகளிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் இதைத்தான். தேவைப்படும்போது நீட்டலாம், வேண்டாதபோது உடலுக்குள் இருக்கும் பள்ளத்தில் மடக்கி வைக்கலாம். விமானத்தின் இறக்கை காற்றில் செய்யும் வேலையை இது தண்ணீரில் செய்கிறது. கப்பல் இடப்பக்கம் சாயத் தொடங்கினால் இடப்புற ஃபின் மேல்நோக்கித் திரும்பிக் கப்பலைத் தூக்கும்; அதே கணத்தில் வலப்புற ஃபின் கீழ்நோக்கித் திரும்பி அழுத்தும். கைரோ என்ற சுழல் கருவி ஒன்று சாய்வையும் சாயும் வேகத்தையும் இடைவிடாமல் அளந்து சொல்ல, ஹைட்ராலிக் விசை ஃபின்களைத் திருப்பிக்கொண்டே இருக்கும்.

அளவைக் கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். குயீன் மேரி 2 கப்பலில் இப்படி நான்கு ஃபின்கள். ஒவ்வொன்றும் 15 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம், ஒரு சராசரி படுக்கையறையின் தரையளவு. கப்பலோ 70,000 டன்னுக்கு மேல் நீரை விலக்கிக்கொண்டு மிதப்பது. ஆனால் தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியானது. 20 நாட் வேகத்தில் அந்த அளவுள்ள ஃபின் ஒன்று எழுபது, எண்பது டன் எடைக்கு நிகரான விசையைத் தரும் என்று கணக்குப் போட்டால் வருகிறது. இந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்வாசி. கப்பல் நின்றுவிட்டால் எதுவுமில்லை. அம்மாவின் கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

எழுபது, எண்பது டன் என்றாலும் எழுபதாயிரம் டன்னுக்கு முன் அது எம்மாத்திரம்? அலையை எதிர்த்துக் கப்பலைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டுகிறவர்களுக்கு இது புரியும். ஒரே தள்ளலில் யாரும் ஊஞ்சலை உயரத்துக்கு அனுப்புவதில்லை. அது திரும்பும் நேரம் பார்த்து விரலால் தட்டிவிட்டாலே போதும், வீச்சு ஏறிக்கொண்டே போகும். கடலும் கப்பலை அப்படித்தான் ஆட்டுகிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் தனக்கென்று ஓர் ஆட்டக் காலம் உண்டு. அலைகள் வந்து சேரும் இடைவெளி அதோடு பொருந்திவிட்டால், பெரிய அலையே தேவையில்லை. மிதமான அலைகளே கப்பலைப் படிப்படியாகப் படுக்க வைத்துவிடும். அப்படிச் சேரும் ஆற்றலை ஃபின் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. கப்பல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதைப் பார்த்து அதற்கு எதிராக நிற்பதே அதன் முக்கிய வேலை. நேரம் தவறாத சின்ன விசை பெரிய ஆட்டத்தை அடக்குவது இப்படித்தான். நல்ல வேகத்தில் பக்கவாட்டு ஆட்டத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

கப்பல் கவிழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். ஃபின் இல்லாமலே கப்பல் நிமிர்ந்து நிற்கும். நிற்க முடியும் என்று கணக்குக் காட்டிய பிறகுதான் அதைக் கடலில் விடுவார்கள். அகலமான உடலும் அடியில் கனமும் உள்ள கப்பல் சாய்ந்தால் வெடுக்கென்று நிமிரும். பாதுகாப்புக்கு நல்லது, உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுமை. சுரங்கத் தாதுவைத் தாழ ஏற்றிய சரக்குக் கப்பலில் மாலுமிகள் இந்த வெடுக்கலைத்தான் அனுபவிக்கிறார்கள். பயணிகள் கப்பலை வடிவமைப்பவர்கள் நிமிரும் விசையைத் தேவைக்கு மேல் கூட்டாமல், ஆட்டத்தை நீளமாகவும் மெதுவாகவும் வைத்துக்கொள்கிறார்கள். மிச்சத்தை ஃபின்னிடம் விடுகிறார்கள். ஆக ஃபின் காப்பாற்றுவது கப்பலை என்பதைவிட, மாடிப்படியில் இறங்கும் முதியவரின் இடுப்பெலும்பை, சமையலறையில் கொதிக்கும் அண்டாவின் முன் நிற்பவரின் கையை, குழந்தையின் வயிற்றை. ஒரு பெரிய பொறியியல் முழுக்க மனித உடம்பின் சங்கடத்துக்காகவே உருவானது என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஃபின் வரை வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. கிரேட் ஈஸ்டர்ன் என்ற மாபெரும் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பொறியாளர் புரூனெல், அது கடலில் எப்படி ஆடும் என்று ஆராயச் சொன்னது வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளரிடம். அலையும் கப்பலின் ஆட்டக் காலமும் பொருந்துவதே கப்பல் பக்கவாட்டில் பலமாக உருளக் காரணம் என்று அவர் 1861ல் விளக்கினார். கப்பலின் அடிவளைவு நெடுக ஒட்டிவைக்கும் நீளப் பட்டைகளின் பயனைச் சோதித்து நிறுவியதும் அவரே. அந்தப் பட்டைகள் இன்றும் ஏறக்குறைய எல்லாக் கப்பலிலும் இருக்கின்றன. எந்திரம் வேண்டாம், நின்றாலும் வேலை செய்யும்; ஆனால் அடக்கும் அளவு குறைவு.

எஃகு உற்பத்தியில் பெயர் பெற்ற ஹென்றி பெஸ்ஸெமர் வேறு வழியில் போனார். 1868ல் பிரான்ஸின் காலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்கு வந்த பயணத்தில் கடல் நோயால் மிகவும் அவதிப்பட்டவர் அவர். கப்பல் எப்படியும் ஆடட்டும், உள்ளே இருக்கும் கூடத்தை மட்டும் ஆடாமல் வைத்தால் என்ன என்று யோசித்தார். கூடத்தை அச்சில் தொங்கவிட்டு, ரசமட்டத்தைப் பார்த்தபடி ஓர் ஆள் ஹைட்ராலிக் விசையால் அதைச் சமன்செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பது திட்டம். வீட்டுத் தோட்டத்தில் மாதிரி ஒன்றைக் கட்டிச் சோதித்தார். தன் பணத்தோடு பிறர் முதலீட்டையும் சேர்த்துக் கப்பலையும் கட்டினார். 1875ல் அந்தக் கப்பல் காலே துறைமுகத்தின் கடற்பாலத்தில் மோதியது. முதலீட்டாளர்கள் விலகினார்கள், சில ஆண்டுகளில் கப்பல் உடைக்கப்பட்டது. கூடம் மட்டும் தப்பி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு மாளிகையோடு சேர்ந்துகொண்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அதுவும் போயிற்று. தோல்வியுற்ற திட்டம்தான். ஆனாலும் பயணியின் வேதனையை விதியென்று விட்டுவிடாமல் ஒரு பொறியியல் கேள்வியாக எடுத்துக்கொண்ட மனிதர் என்பதால் பெஸ்ஸெமரை எனக்குப் பிடிக்கும். ஒரே குறை, ரசமட்டம் பார்க்கிற மனிதனால் கடலின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

பிறகு கைரோவின் முறை வந்தது. மிகக் கனமான சக்கரத்தைச் சுழலவிட்டால் அது தன் அச்சை எளிதில் விட்டுக்கொடுக்காது. அந்தப் பிடிவாதத்தைக் கொண்டு கப்பலைப் பிடித்து நிறுத்தலாம் என்று ஜெர்மனியில் ஓட்டோ ஷ்லிக்கும் அமெரிக்காவில் எல்மர் ஸ்பெர்ரியும் முயன்றார்கள். 1932ல் நியூயார்க் போன இத்தாலியக் கப்பல் கோன்டே டி சவோயாவில் மூன்று கைரோக்கள், ஒவ்வொன்றும் 100 டன்னுக்கு மேல். அதையே முன்னிறுத்தி விளம்பரம் செய்தார்கள். ஆட்டம் குறைந்தது உண்மை; ஆனால் அத்தனை எடையையும் இடத்தையும் விழுங்கிய எந்திரம் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. பெரிய கப்பல்களுக்கு அந்த வழி அதோடு அடைபட்டது. இன்று சிறு உல்லாசப் படகுகளில் கைரோ திரும்ப வந்திருக்கிறது. நங்கூரமிட்டு நிற்கும்போதும் வேலை செய்வது அதன் பலம்.

ஃபின்னை 1920களில் ஜப்பானில் மிட்சுபிஷியின் மோட்டோரா சோதித்துப் பார்த்தார். பிரிட்டனில் டென்னி, பிரவுன் சகோதரர்கள் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து அதை நம்பகமாக்கின. அவர்கள் 1936ல் முதலில் பொருத்தியது ஓர் ஆடம்பரக் கப்பலில் அல்ல. இங்கிலாந்துக்கும் சானல் தீவுகளுக்கும் இடையே அன்றாடம் ஓடிய ஐல் ஆஃப் சார்க் என்ற சிறிய ரயில்வே கம்பெனிக் கப்பலில். அடுத்து வந்த போரில் பீரங்கியின் குறி தவறாமலிருக்கக் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. 1950ல் சூசன் என்ற கப்பல் பெரிய பயணிகள் கப்பல்களில் முதலாவதாக ஃபின்களோடு வந்து, பம்பாய், கொழும்பு வழியாகத் தூரக் கிழக்குக்கு ஓடியது. அட்லாண்டிக்கின் ராணி என்று பெயர் வாங்கிய குயீன் மேரிக்கு 1958 வரை அந்த வசதி கிடைக்கவில்லை. அது உருளுவதில் பேர்போன கப்பல். சேவைக்கு வந்து 22 ஆண்டுகள் அதன் பணியாளர்கள் தட்டை ஒரு கையிலும் சுவரை மறு கையிலும் பிடித்தபடி வேலை பார்த்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஃபின்னால் ஆகாதவை சில உண்டு. கப்பலின் முகப்பும் பின்புறமும் மாறி மாறி உயர்ந்து தாழ்வதை அது தொடுவதில்லை. அவ்வளவு நீளமான உடலை அவ்வளவு சிறிய இறக்கையால் திருப்ப முடியாது. ஏறத்தாழ ஆறு நொடிக்கு ஒருமுறை மேலும் கீழும் போய்வரும் அசைவுதான் குமட்டலை அதிகம் தூண்டுவது என்பதால், முகப்பை ஒட்டிய அறையில் இருப்பவர் ஸ்டெபிலைசர் இருந்தும் தவிக்கலாம். ஃபின் நீரில் இழுவையைக் கூட்டுவதால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். அதனால் கடல் சீராக இருக்கும்போது உள்ளே வைத்திருப்பார்கள். "எப்ப நீட்டணும்னு கேப்டன் முடிவு பண்றதுதான் சார். நல்ல கேப்டன் ஆடுறதுக்கு முன்னாடியே நீட்டிருவாரு" என்றார் அந்தத் தம்பி. போகும் திசையைச் சற்று மாற்றினால் அலை வந்து சேரும் இடைவெளி மாறும். பாதி ஆட்டம் அதிலேயே போய்விடும் என்றும் சொன்னார். துறைமுகத்தின் அலைத்தடுப்புக்குள் நுழைந்ததும் கப்பலின் ஆட்டம் நின்றது. அம்மா சீரகத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு இறங்கத் தயாரானாள்.

எனக்கு அன்றிலிருந்து நாகப்பட்டினம் ஞாபகமாகவே இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய, அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலில் போகிறவர்கள் உல்லாசத்துக்குப் போகிறவர்கள் மட்டும் அல்லர். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலுக்குப் போகிறவர்களும் வேளாங்கண்ணிக்கு வருகிறவர்களும், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கடக்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள். முதியவர்கள் நிறைய. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். பாக் நீரிணை ஆழமற்றது. காற்று எழுந்தால் அங்கே வருவது அம்பாந்தோட்டையின் நெடிய அலை அல்ல, அடுத்தடுத்து வந்து முட்டும் குறுகிய அலை. சிறிய கப்பலின் ஆட்டக் காலமும் குறுகியது. இரண்டும் பொருந்த அதிக நேரமாகாது. அந்தத் தடத்துக்கு ஒரு கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை இருக்கை, எவ்வளவு வேகம், டிக்கெட் என்ன விலை என்று கேட்பதோடு, பக்கவாட்டு அலையில் அது எவ்வளவு சாயும், வேகம் குறைந்தால் எதை நம்பி நிற்கும் என்றும் கேட்க வேண்டும். பிரிட்டனில் ஃபின் முதலில் போனது இதுபோன்ற அன்றாடக் கப்பலுக்குத்தான். நம் பயணிகளுக்கு அது அதிகப்படியான ஆசை என்று யாரும் சொல்ல முடியாது. அதுவரை, ஏற்கெனவே ஓடுகிற கப்பலில் வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நடுப்பகுதியில், ஆட்டம் குறைவான கீழ்த்தளத்தில் இருக்கைகளை ஒதுக்கிவிடலாம். அதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.