பொன்னேரியில் பிரியும் சாலை

போன வருடம் டீம் லீட் தன் ஸ்பெயின் பயணப் படங்களைக் காட்டினார். டொலேடோ. மூன்று பக்கமும் ஆறு வளைந்தோட, குன்றின்மேல் ஒரு பழைய நகரம். மாட்ரிட்டிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாமாம். "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல சார், கம்பெனிங்கதான்" என்றேன். இருபது வருடமாக எல்லாரிடமும் சொல்லிவரும் பதில்.

எங்கள் வீடு மீஞ்சூரில். அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். முப்பது வருடம் மின்சார ரயிலில் பொன்னேரியைத் தாண்டிப் போனார். பொன்னேரியிலிருந்து கிழக்கே பிரியும் சாலை பழவேற்காட்டுக்குப் போகிறது. சின்ன வயதில் அங்கே கூட்டிப்போகச் சொல்லிக் கேட்பேன். "லீவு கிடைக்கட்டும்டா" என்பார். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அந்த ஊர்ப் பேரை எடுக்கவே அம்மா விடவில்லை.

அப்பா ரிடையர் ஆன அடுத்த ஜனவரியில் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

பாலத்தில் நிறுத்தினோம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தூரத்தில் பூநாரைகள் வெளிறிய கோடாகத் தெரிந்தன. படகு வேண்டாம் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்ததால் அதோடு சரி.

பிறகு டச்சுக் கல்லறை. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். கோட்டை இன்று புதர்மேடு. கல்லறைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. குடும்பச் சின்னமும் பேரும் வருடமும் ஆழமாக வெட்டிய கருங்கற்கள்.

மொபைலில் படித்துப் படித்து அப்பாவுக்குச் சொன்னேன். நம் நெசவாளர்களின் துணி இங்கிருந்துதான் கிழக்குத் தீவுகளுக்குப் போனது. பஞ்சக் காலங்களில் ஆயிரக்கணக்கான மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி பட்டாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள்.

அப்பா ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிக் கல்லில் நிமிர்ந்து, "ஏத்துனவன் பேரு இருக்கு. ஏறுனவன் பேரு எங்கடா?" என்றார்.

மொபைலில் தேடினேன். கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். எதிரே யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண்களில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கையில் டம்ளரோடு அப்பா போய் ஒரு கம்பியைத் தடவிப் பார்த்தார். "பன்னெண்டு எம்எம்" என்றார். "எங்க கம்பெனிதா?" என்று கேட்டேன். கம்பியில் இருந்த கம்பெனி முத்திரையைக் காட்டினார். "இல்ல, வேற. ஆனா எங்களாட்டம் எவனோ ராத்திரி ஷிஃப்ட்ல ஓட்டுனதுதான்."

திங்கட்கிழமை டீம் லீடிடம் போய், "சார், எங்க ஊருக்கு ஒரு நாள் வாங்க" என்றேன். "என்ன இருக்கு?" என்றார் மறுபடியும்.

"அப்பா இருக்கார், காட்டுவார்" என்றேன்.