தொடுவதற்கு முன்

ஜனவரி 5, ஞாயிறு

புதிய தன்னார்வலர்கள் இன்று வந்தார்கள். கால்நடை மருத்துவத்துக்கு முயன்று இடம் கிடைக்காமல் விலங்கியல் படிக்கும் ஒரு மாணவி, மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள், ஒரு பள்ளி ஆசிரியை, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். காப்பகத்தின் கேட்டைத் தாண்டியதும் கம்பி வலைக்குப் பின்னால் இத்தனை மூக்குகள் வந்து முட்டும்போது யாருக்கும் கை தானாக நீளத்தான் செய்யும். அதனால் முதல் பேச்சே இதுதான்: "இன்னும் மூணு வாரத்துக்கு யாரும் எந்த நாயையும் தொடக் கூடாது." எல்லோர் முகமும் விழுந்துவிட்டது. நாயைக் கொஞ்சத்தானே இவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள்.

காரணம் ஊசி. வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசி போட்ட நாளிலிருந்து கணக்கிட்டு ஏழாம் நாள் ஒன்று, 21 அல்லது 28ஆம் நாள் ஒன்று. இதை முடித்தவரைப் பின்னால் நாய் கடித்தால் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. எல்லோரும் நேற்றுத்தான் முதல் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த நோய்க்கு அறிகுறி தெரிந்த பிறகு வைத்தியம் கிடையாது. அந்த ஒரு வரியை மட்டும் நான் மென்மையாகச் சொல்வதில்லை.

ஆசிரியையின் அம்மா தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று பயந்துபோயிருக்கிறாராம். அந்தப் பயம் நம் ஊரில் மூன்று தலைமுறைப் பயம். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. 2005க்குப் பிறகு நம் நாட்டில் புழக்கத்தில் இல்லை. இப்போது கையில் போடுகிறார்கள். 1902இல் நீலகிரியில் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்த பிறகுதான் இந்த நோய்க்கென்றே தெற்கில் ஒரு நிலையம் வேண்டும் என்று பேச்சு எழுந்து, 1907இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் வந்தது என்று சொன்னேன். வங்கிக்காரர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு எல்லோரையும் குழாயடிக்கு அழைத்துப்போய்க் கை கழுவச் சொன்னேன். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். எல்லோரும் இரண்டாம் நிமிடத்திலேயே குழாயை மூடப் போனார்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எருக்கம்பால் எதுவும் வைக்கக் கூடாது. கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி.

ஜனவரி 8, புதன்

கழுவும் பாடம். இதை நடத்த எனக்குப் பிடிக்கும்.

இங்கே வெகுகாலமாக வேலை பார்க்கும் அண்ணன்தான் உண்மையில் சொல்லிக்கொடுத்தார், நான் பக்கத்தில் நின்றேன். முதலில் கூண்டில் இருப்பவரை வெளி முற்றத்துக்கு மாற்ற வேண்டும். உள்கதவைத் தாழிட்ட பிறகே வெளிக்கதவைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடிகூட இருக்கக் கூடாது. பின் மலத்தை அள்ள வேண்டும், அள்ளும்போது பார்க்க வேண்டும். இறுகியிருக்கிறதா, சளி இருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா, புழு நெளிகிறதா. பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது. அதன்பின் ப்ளீச்.

இளைஞர்களில் ஒருவர் கேட்டார்: "நேரா ப்ளீச்சே ஊத்திட்டா என்னக்கா?" நல்ல கேள்வி. அழுக்கு இருக்கும் இடத்தில் ப்ளீச் தன் வேகத்தை அழுக்கிடமே செலவழித்துவிடும், கிருமி தப்பித்துக்கொள்ளும். தேய்த்துக் கழுவிய தரையில் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். நாங்கள் இவ்வளவு மெனக்கெடுவது பார்வோவுக்காக. 1978இல்தான் உலகம் முதன்முதலாகப் பார்த்த நாய் வைரஸ் அது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செருப்பில் ஒட்டிப் போகும். சாதாரண பினாயில் அதை ஒன்றும் செய்யாது. பூனைகள் இருக்கும் அறைக்குள் பினாயிலே வரக் கூடாது, பூனையின் ஈரல் அதைச் சமாளிக்காது.

வரிசையும் முக்கியம். ஆரோக்கியமான குட்டிகள் முதலில், பெரிய நாய்கள் அடுத்து, நோயாளிகள் கடைசியில். நோயாளி வார்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக் குட்டிகளிடம் வரக் கூடாது. வங்கிக்காரர் ஒரு வாளியைக்கூட இடம் மாற்றி வைக்கவில்லை. சிவப்பு வாளி நோயாளி வார்டுக்கு, பச்சை குட்டிகளுக்கு. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

இந்தக் காப்பகத்தில் மருந்தைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றுவது துடைப்பம் என்றுதான் நான் நம்புகிறேன். அதைப் புதியவர்களிடம் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைக்கிறார்கள். இரண்டு மழைக்காலம் இங்கே இருந்தவர்களுக்குப் புரியும்.

ஜனவரி 12, ஞாயிறு

கருப்பியைக் காட்டினேன். கார்த்திகையில் வந்தவள், முன்னங்காலில் வண்டி ஏறியிருந்தது. கால் கூடிவிட்டது, ஆள்மேல் பயம் போகவில்லை. வலைக்கு வெளியே உட்கார்ந்து அவளைப் பார்த்து எழுத வேண்டும், பத்து நிமிடம். இதுதான் இன்றைய வேலை.

"பயமா இருக்கு", "பாவமா இருக்கு", "சோகமா பாக்குது" என்று எழுதினார்கள். நான் எல்லாவற்றையும் அடித்தேன். நம் மனதை எழுத வேண்டாம், அவள் உடம்பை எழுதுங்கள். மறுபடி உட்கார்ந்தார்கள். மாணவி இம்முறை எழுதியது: 'கொட்டாவி விட்டது, தூக்கம் இல்லை. மூக்கை நக்கிக்கொண்டது. தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் என் பக்கம் வைத்திருக்கிறது, கண்ணின் வெள்ளை தெரிகிறது. நான் காலை மாற்றி உட்கார்ந்தபோது உடம்பு இறுகியது.' படிக்கும்போது எனக்கு உள்ளே நிறைந்தது. கடிபடுபவர்களில் பெரும்பாலானோர் இந்த நான்கையும் பார்க்காதவர்கள். நாய் எச்சரிக்காமல் கடிப்பது அபூர்வம். வால் ஆடினால் நட்பு என்று நினைத்துக் கை நீட்டிவிடுகிறோம். வாலை உயர்த்தி விறைப்பாக ஆட்டுவது நட்பு அல்ல.

வங்கிக்காரர் போகும்போது கேட்டார்: "இங்கயே உக்காந்து பேப்பர் படிக்கலாமாம்மா? சத்தமா?" தாராளமாக, என்றேன். பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், அவளைப் பார்க்காதீர்கள்.

ஜனவரி 13, திங்கள்

போகி. விடியற்காலையிலேயே புகை, சுற்றிலும் பிள்ளைகள் மேளம் அடிக்கும் சத்தம். நாய்கள் தண்ணீர் குடிக்கவில்லை. இளைஞர்கள் இருவரும் லீவு போட்டு வந்து கூண்டுகளுக்குச் சாக்குப் படுதா கட்டினார்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

அட்டைப்பெட்டியில் நான்கு குட்டிகள், கண் திறக்காதவை. மார்கழி, தை எங்களுக்குக் குட்டிக் காலம். மழை மாதங்களில் இணை சேர்ந்து, 63 நாள் சுமந்து, எல்லாத் தெருவிலும் ஒரே சமயத்தில் ஈனுகின்றன. கொண்டுவந்தது ஒரு தம்பதி. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணல் குவியலோரம் தனியாகக் கிடந்தனவாம். ஈரக் கண்களோடு நின்றார்கள்.

ஆசிரியை கேட்ட விதம் எனக்குப் பிடித்தது. குற்றம் சாட்டும் தொனி இல்லை. எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், குட்டிகள் கத்தினவா, வயிறு ஒட்டியிருந்ததா, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? வயிறு உப்பித்தான் இருந்தது, கத்தவில்லை, பத்து நிமிடம் பார்த்தார்கள். அப்படியென்றால் தாய் இரை தேடிப் போயிருக்கிறது. வயிறு நிறைந்து சத்தமில்லாமல் தூங்கும் குட்டி அநாதை அல்ல. அண்ணன் குட்டிகளோடு அந்தத் தம்பதியையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அதே மணல் குவியலுக்குப் போனார். தள்ளி நின்று பார்த்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரத்தில் தாய் வந்துவிட்டது.

அதற்குள் நான் மற்றவர்களுக்கு, நிஜமாகவே தாயில்லாத ஒரு குட்டியை வைத்து, பாலூட்டுவதைக் காட்டினேன். உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது, முதலில் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த குடலில் பால் செரிக்காது. மல்லாக்கப் போட்டு ஊட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும், குப்புறத்தான் படுக்க வேண்டும். ஊட்டிய பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவ வேண்டும். தாய் நக்கிவிடாமல் அந்த வயதில் சிறுநீரும் போகாது. மாணவி அமைதியாகக் கேட்டாள்: "ராத்திரி யாருக்கா இதெல்லாம் செய்வாங்க?" இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, யாராவது, என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

நோட்டுப் புத்தகத்தில் நேற்று மாணவியின் கையெழுத்து: '7ஆம் கூண்டு, மூன்று மாதக் குட்டி. முந்தாநாள் தட்டுச் சத்தம் கேட்டதும் ஓடி வந்தது, இன்று எழவில்லை. காலைச் சோறு அப்படியே இருக்கிறது. ஒருமுறை வாந்தி, நுரையாக. ஈறு வெளுப்பு. மலம் தண்ணீராக, வாடை வழக்கம்போல் இல்லை.' இதைப் படித்தபின் டாக்டர் வேறெதையும் தொடாமல் டெஸ்ட் கிட்டை எடுத்தார். பார்வோ.

ஒரு மணி நேரத்துக்குள் 7ஆம் கூண்டைத் தனிமைப்படுத்தி, 6, 8 இரண்டையும் தனியே பிரித்து, ட்ரிப்ஸ் ஏற்றினோம். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. தண்ணீரும் உப்பும் போகப் போக ஏற்றி, குட்டியின் உடம்பு தானே போராட அவகாசம் வாங்கித் தருவதுதான் வைத்தியம்.

ஜனவரி 26, ஞாயிறு

7ஆம் கூண்டுக் குட்டி இன்று அதிகாலை இறந்தது. 8இல் ஒன்றுக்கும் வந்திருக்கிறது, சாப்பிடுகிறது. 6 சுத்தமாக இருக்கிறது.

மூன்றாவது ஊசி முடித்த கையோடு மாணவி நேராக இங்கே வந்தாள். இனி நாயைத் தொடலாம் என்ற நாள் அவளுக்கு இப்படி விடிந்தது. சமையல் கொட்டகைக்குப் பின்னால் அழுதாள், நான் கூட உட்கார்ந்திருந்தேன். "சீக்கிரமே எழுதினேனே அக்கா" என்றாள். ஆமாம், எழுதினாய். அதனால்தான் பக்கத்துக் கூண்டுகளில் மற்றவை இன்று சோறு தின்கின்றன. அது அவளுக்கு இன்று ஆறுதலாகாது என்று தெரியும், ஆனால் உண்மையை மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் 7ஆம் கூண்டை அவளே கழுவினாள். சோப்பு, ப்ளீச், பத்து நிமிடம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இளைஞர்களில் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார். ஷிப்ட் மாறியதாம். போகியன்று அவர் கட்டிய படுதா இன்னும் இருக்கிறது.

கருத்தடை முடிந்து காதில் வெட்டுப் போட்ட சொக்கன் என்ற நாயை அவன் தெருவிலேயே கொண்டு விட்டோம். மற்ற இளைஞருக்குத் தாங்கவில்லை: "இவ்ளோ பழகின பிறகு திரும்பத் தெருவிலேயா?" சட்டம் அப்படித்தான் சொல்கிறது, தெருநாய்க் கருத்தடை பற்றிய 2001 விதிகளும் 2023இல் வந்த புதிய விதிகளும். ஆனால் சட்டத்தை மட்டும் சொன்னால் போதாது. சென்னை மாநகராட்சி நூறு ஆண்டுக்கு மேலாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது, மின்சாரம் பாய்ச்சியும் கொன்றது. நாய்கள் குறையவில்லை. காலியான தெருவுக்கு அடுத்த தெரு நாய் வந்தது. 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ், 1964இலேயே கருத்தடை செய்து திரும்ப விடும் வழியை இந்த ஊரில் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆனது. ஊசி போட்ட, இனி ஈனாத ஒரு நாய் தன் எல்லையைக் காத்துக்கொண்டு அங்கேயே இருப்பது அந்தத் தெருவுக்கு நல்லது.

சொக்கனை இறக்கியபோது ஓர் அம்மா பேரனை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். இளைஞர் முணுமுணுத்தார். அதை நான் அங்கேயே நிறுத்தினேன். அந்தப் பையன் கடிபட்டவனாக இருக்கலாம். நாய்க்குப் பயப்படுகிறவர் நமக்கு எதிரி அல்ல. அவரிடம் போய், இது கருத்தடை செய்தது, ஊசி போட்டது, இந்தக் காது வெட்டு அதற்கான அடையாளம், வேறு நாய் யாரையாவது கடித்தால் இந்த எண்ணில் சொல்லுங்கள் என்று பேச வேண்டும். இளைஞர் தயங்கிவிட்டுப் போனார். அம்மா கதவைத் திறக்கவில்லை, ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டார். எண்ணை வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கருப்பி இப்போது செய்தித்தாள் சத்தம் கேட்டால் வலையருகில் வந்து படுக்கிறாள். வங்கிக்காரர் அவள் மார்பைத் தடவுகிறார், தலைமேல் கை கொண்டுபோவதில்லை.

அவரை இன்று போனில் உட்காரவைத்தேன். காப்பகத்திலேயே கடினமான நாற்காலி அதுதான். அழைப்பவர் பதற்றத்தில் இருப்பார், எங்களிடம் இருப்பது ஒரு வண்டி. முதல் அழைப்பு தாம்பரம் பக்கம், வண்டி மோதிய நாய். அவர் குரல் உயரவே இல்லை. "மூச்சு இருக்காங்க? ரோட்டு நடுவிலயா, ஓரமாவா? பின்னங்கால் அசையுதா? பக்கத்துல என்ன கடை? சரி. தூக்காதீங்க சார், வலியில கடிக்கும். முடிஞ்சா ஒரு சாக்கை மேல போட்டுட்டு, வண்டி வர்ற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க, ஒரு மணி நேரம் ஆகும். நிக்க முடியுமா?"

அந்தப் பக்கம் ஏதோ தயக்கம். அவர் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டே, "உங்களுக்கு வேலை இருந்தா, பக்கத்துக் கடைக்காரர்கிட்ட போனைக் குடுங்க, நான் பேசுறேன்" என்றார்.