அத்தையின் இசைத்தட்டும் ஒரு சின்னப் பெட்டியும்

"இதையெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடும்மா. தட்டும் தேஞ்சு போச்சு, என் காதும் தேஞ்சு போச்சு." என் மாமியார் இப்படிச் சொன்னதும் எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட பணத்தில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு இசைத்தட்டு வாங்குவது மாமாவின் வழக்கம். 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்ட எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதத்துக்குத்தான் எங்கள் வீட்டில் முதல் மரியாதை. மாமா காலமான பிறகு, சூட்கேஸ் போன்ற அந்தப் பழைய பிளேயரும் ஓய்ந்துவிட்டது. "போன்லயே வருதே அத்தை" என்று போட்டுக் காட்டினேன். "அது எம்.எஸ். பாடறது. இது உங்க மாமா போடறது" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் கணவர் புது ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கி, டி.வி.க்கு வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். கொசு பாடுவது போலிருந்தது! சத்தத்தைக் கடைசிவரை திருகினோம். குரல் தகரத்துக்குள்ளிருந்து வந்தது. கச்சேரித் தட்டைப் போட்டால் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் 'டிக் டிக்' என்கிறது. இடப்பக்கம் ரவை பிசைந்து ஒட்டுவார்களே, அந்தத் தொப்பி நாதத்தையே காணோம். இதற்கிடையில் என் பையன் சத்தத்தைக் குறைக்காமல் டி.வி.க்கு மாற்ற, வீடே அதிர்ந்தது. நாத்தனாரின் கைக்குழந்தை தூக்கிவாரிப்போட்டு வீறிட்டது. அதன் பிறகுதான் அத்தை அப்படிச் சொன்னார்.

தஞ்சாவூரில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் போனோம். "ப்ரீ ஆம்ப்ளிஃபயர் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "இந்தக் காலத்துல அது எதுக்குங்க?" என்றார் இவர். பெரியவர் பொறுமையாக விளக்கினார்.

பழைய பெட்டி பிளேயர்களில் இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதன் சிக்னலே பெரிசு. புதியதில் இருப்பது காந்த கார்ட்ரிட்ஜ். ஒரு வோல்ட்டை 1,000 கூறு போட்டால் அதில் ஐந்து கூறு போலத்தான் சிக்னல் தரும். சி.டி. பிளேயரோ 2 வோல்ட் தருகிறது. ப்ரீ ஆம்ப்ளிஃபயர் அந்தச் சின்ன சிக்னலைச் சுமார் 100 மடங்காக்கி ஆம்ப்ளிஃபயரிடம் கொடுக்கிறது.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. கனத்த ஒலியை அப்படியே வெட்டினால் தட்டில் இடம் போதாதாம். அதனால் அதைக் குறைத்து, மெல்லிய கீச்சொலியைக் கூட்டிப் பதிவு செய்வார்கள். இதற்கு 1954-ல் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம் ஓர் அளவு வகுத்தது. உலகமே பிறகு அதற்கு வந்தது. கேட்கும்போது அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்ய வேண்டும். எனக்கு உடனே சுண்டைக்காய் வற்றல் நினைவு வந்தது. இடம் அடைக்காமலிருக்கக் காயவைக்கிறோம்; குழம்பில் கொதித்தால்தானே ருசி திரும்புகிறது? நாங்கள் வற்றலை அப்படியே இலையில் வைத்திருக்கிறோம்!

ஒரு கைக்கடக்கமான பெட்டி வாங்கி இடையில் மாட்டினோம். எர்த் வயரையும் இணைத்ததும் 'உம்'மென்ற இரைச்சல் நின்றது. மறுநாள் விடியற்காலை தம்புராவின் சுருதி கூடத்தை நிறைத்தது. அத்தை அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தட்டு முடிகிறவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "காது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வீட்டில் பழைய தட்டுகள் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. டி.வி., போன், சி.டி. மட்டும் கேட்பவர்கள் இதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். சாதாரண ஆம்ப்ளிஃபயரே போதும். ரெக்கார்டுக்குத்தான் இது தேவை. அதிலும் முதலில் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 'போனோ' என்ற துளை இருக்கிறதா, பிளேயரிலேயே 'போனோ - லைன்' சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தால் தனிப்பெட்டி வேண்டாம். இரண்டும் இருந்தால் ஒன்றை மட்டும் உபயோகியுங்கள். இல்லாவிட்டால் ஒலி சிதறும். எதை மாற்றுவதானாலும் சத்தத்தைக் குறைத்துவிட்டு மாற்றுங்கள்.

மிக முக்கியமாக, சரியாகக் கேட்கவில்லை என்றால் பெரியவர்களின் காதைக் குறை சொல்வதற்கு முன் வயரைப் பாருங்கள்!